ஒளி எழுதியதைக் காப்பவர் யார்?

ஒளிக்கு எழுதத் தெரியும். நெடுநாள் சுவரில் தொங்கிய நாட்காட்டியை எடுத்துப் பார்த்தால், அது மறைத்திருந்த இடம் மட்டும் பழைய நிறத்தோடு தனித்துத் தெரிகிறது. நாள்தோறும் வெயிலில் காயும் சேலையின் மடிப்பு வெளுத்துக் கோடாகிறது. இவையெல்லாம் ஒளி தன்போக்கில் எழுதிச் செல்லும் எழுத்துகளே. அவ்வெழுத்தைத் தன் விருப்பப்படி எழுதச் செய்து, எழுதியது அழியாமல் காத்துக்கொள்ளவும் மனிதன் கற்றுக்கொண்ட கதையே ஒளிப்படக் கலையின் வரலாறு.

'ஃபோட்டோகிராபி' என்னும் சொல்லுக்குக் கிரேக்க வேர்களின்படி 'ஒளியால் எழுதுதல்' என்பது பொருள். ஆங்கிலேய வானியல் அறிஞர் ஜான் ஹெர்ஷெல் 1839-ஆம் ஆண்டு இச்சொல்லை அறிஞர் அவையில் வழங்கி நிலைபெறச் செய்தார். நம் மொழியில் புகைப்படம், நிழற்படம், ஒளிப்படம் என மூன்று பெயர்கள் வழங்குகின்றன. மூலப்பொருளுக்கு நெருங்கி நிற்பது ஒளிப்படம் என்பதால் இங்கு நாம் அதனையே ஆள்கிறோம்.

இவ்வரலாற்றைச் சொல்வோர் பெரும்பாலும் கருவிகளின் வரலாறாகவே சொல்வர். ஆனால் உருவத்தைப் பிடிப்பது இக்கலையில் எளிய பாதியே. பிடித்ததை நிலைநிறுத்துவதும், நிலைநிறுத்தியதைக் காப்பதும் கடினமான மறுபாதி. அந்த மறுபாதியை நோக்கியே நம் சிந்தனையை இங்குச் செலுத்துவோம்.

நிலைக்காத உருவங்கள்

இருண்ட அறையின் சுவரில் சிறு துளையிட்டால், வெளியே உள்ள காட்சி எதிர்ச்சுவரில் தலைகீழாக விழும். இவ்வுண்மையைக் கி.பி. 11-ஆம் நூற்றாண்டிலேயே அரபு அறிஞர் இபின் அல்-ஹைதம் ஆராய்ந்து எழுதினார். பிற்காலத்தில் துளையில் வில்லை பொருத்தப்பட்டது. அறை சுருங்கிப் பெட்டியாயிற்று. ஓவியர்கள் அதில் விழுந்த உருவத்தின்மேல் தாளை வைத்து வரைந்தனர். ஆக, 'கேமரா' என்னும் பெட்டி ஒளிப்படத்திற்குப் பல தலைமுறை மூத்தது. பெட்டிக்குள் உருவம் விழுந்தது, ஆனால் தங்கவில்லை.

தங்கச் செய்யும் பொருள் எது? 1717-ஆம் ஆண்டளவில் ஜெர்மானிய அறிஞர் ஜோகன் ஹைன்ரிக் ஷுல்ட்சே, வெள்ளி உப்புக் கலந்த கலவை வெயில் பட்டதும் கருப்பதைக் கண்டார். கருக்கச் செய்வது வெப்பமன்று, ஒளியே என்பதையும் சோதித்து உறுதி செய்தார். 1802-இல் இங்கிலாந்தில் தாமஸ் வெட்ஜ்வுட்டும் ஹம்ஃப்ரி டேவியும் வெள்ளி நைட்ரேட்டு தோய்த்த தாளிலும் தோலிலும் இலைகளை வைத்து வெயிலில் காட்டினர். அவற்றின் உருவம் அப்படியே பதிந்தது. ஆனால் அதைப் பார்க்க ஒளி வேண்டும். ஒளி பட்டாலோ எஞ்சிய வெள்ளி உப்பும் கருத்துத் தாள் முழுவதும் ஒரே இருளாகிவிடும். மெழுகுவர்த்தியின் மங்கிய வெளிச்சத்தில் சிறிது நேரம் பார்த்துவிட்டு மறுபடியும் இருளில் மறைத்து வைப்பதைத் தவிர அவர்களுக்கு வேறு வழியில்லை. உருவத்தைத் தந்த ஒளியே அதன் பகையுமாயிற்று.

ஒளி தொடாததை அகற்றுதல்

இச்சிக்கலுக்கு முதல் விடை கண்டவர் பிரான்சு நாட்டைச் சேர்ந்த நிசேஃபோர் நியெப்ஸ். ஒளி பட்டால் இறுகும் இயல்புடைய ஒருவகை நிலக்கீலை அவர் வெள்ளீயக் கலவைத் தகட்டின்மேல் பூசினார். 1826 அல்லது 1827-இல் தம் வீட்டு மாடிச் சன்னலருகே பெட்டிக்குள் அத்தகட்டை வைத்து, குறைந்தது எட்டு மணி நேரம் காத்திருந்தார். பின்னர் லாவண்டர் எண்ணெய் கலந்த கரைசலால் கழுவினார். ஒளி பட்டு இறுகிய பகுதி தங்கிற்று. ஒளி படாத பகுதி கரைந்து ஓடிற்று. கூரைகளும் மாடங்களும் மங்கலாகத் தெரியும் அத்தகடு, அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் இன்றும் பாதுகாக்கப்படுகிறது. கேமராவால் எடுக்கப்பட்டு நம் கைக்கு வந்து சேர்ந்திருக்கும் ஒளிப்படங்களுள் மிகப் பழையது அதுவே.

நியெப்ஸ் 1833-இல் இறந்தார். அவருடன் கூட்டுச் சேர்ந்திருந்த லூயி டாகேர் ஆய்வைத் தொடர்ந்தார். வெள்ளி பூசிய செப்புத் தகட்டை அயோடின் ஆவியில் காட்டி ஒளியுணர்வு ஏற்றுவதும், படம் எடுத்தபின் பாதரச ஆவியில் காட்டி உருவத்தை வெளிக்கொணர்வதும் அவருடைய முறை. 1839 ஆகஸ்டு 19 அன்று அதன் விவரங்கள் பாரிசில் வெளியிடப்பட்டன. 1838-இல் அவர் பாரிசின் ஒரு வீதியை எடுத்த படம் புகழ்பெற்றது. பகல் வேளையில் வண்டிகளும் மக்களும் நிறைந்திருந்த வீதி, படத்தில் வெறிச்சோடிக் கிடக்கிறது. படம் பதிய நெடுநேரம் ஆனதால் நடமாடியவர் எவரும் பதியவில்லை. காலணிக்கு மெருகேற்றிக்கொள்ள ஓரிடத்தில் நின்ற ஒரு மனிதரின் உருவம் மட்டும் தெளிவாகத் தங்கிற்று. நின்றவரே நிலைத்தார்!

அதே காலத்தில் இங்கிலாந்தில் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் வேறு வழியில் முயன்றார். முற்காலத்தில் கன்னியர் மடமாக இருந்த லேகாக் என்னும் மாளிகையில் வாழ்ந்தவர் அவர். 1835-இல் அம்மாளிகையின் சன்னல் ஒன்றைச் சிறு தாளில் பதித்தார். வெளிச்சம் கருமையாகவும் நிழல் வெண்மையாகவும் மாறி விழுந்த அவ்வுருவமே, எஞ்சியிருக்கும் நெகட்டிவ்களில் மிகப் பழையது. டாகேரின் தகடு ஒன்றே ஒன்றுதான். அதற்குப் படி கிடையாது. டால்பட்டின் நெகட்டிவிலிருந்தோ எத்தனை படிகளும் எடுக்கலாம். 1841-இல் அவர் காப்புரிமை பெற்ற இம்முறையிலிருந்தே, அடுத்த நூற்றைம்பது ஆண்டுகளின் ஒளிப்படக் கலை கிளைத்தது.

ஆனால் இருவருக்குமே பொதுவான இடர்ப்பாடு ஒன்று இருந்தது. சாதாரண உப்புநீர் கொண்டு அவர்கள் படத்தை நிலைநிறுத்த முயன்றது முழுப்பயன் தரவில்லை. விடை ஹெர்ஷெலிடம் இருந்தது. நம்மூர்ப் படப்பிடிப்புக் கூடங்களில் 'ஹைப்போ' என்று வழங்கிய உப்பு, வெள்ளி உப்புகளைக் கரைக்க வல்லது என்பதை அவர் 1819-இலேயே கண்டிருந்தார். 1839-இல் அதனைப் படத்திற்குப் பயன்படுத்தினார். ஒளி பட்டு வெள்ளித் துகளாக மாறியதை ஹைப்போ பெரிதும் தொடுவதில்லை. ஒளி படாமல் எஞ்சிய உப்பை மட்டும் கரைத்து எடுத்துவிடுகிறது. நியெப்சின் எண்ணெய் செய்த வேலையும் இதுவே. எஞ்சியதை அகற்றினால்தான் எழுதியது தங்கும் என்பது இக்கலையின் அடிப்படை.

கழுவிய கைகள்

ஹைப்போ கண்டறியப்பட்டதோடு சிக்கல் தீர்ந்துவிட்டதா? இல்லை. சில ஆண்டுகளுக்குள் தாளில் அச்சிட்ட படங்கள் மஞ்சள் படர்ந்து மங்கத் தொடங்கின. காரணம் அறிய 1855-இல் இலண்டன் ஒளிப்படச் சங்கம் ஒரு குழுவை அமைத்தது. விக்டோரியா அரசியின் கணவர் ஆல்பர்ட் இளவரசர் அதற்குப் பொருளுதவி செய்தார். குழு கண்ட முதன்மையான காரணம் வியப்பூட்டுவது. படத்தைக் காத்த அதே ஹைப்போ முற்றிலும் கழுவி நீக்கப்படாமல் தாளில் தங்கினால், அதுவே நாளடைவில் படத்தை அரிக்கிறது! நோய் தீர்த்த மருந்து உடலில் தங்கி நஞ்சானது போன்ற நிலை. மாற்றுமருந்து யாதெனில், மேலும் மேலும் தூய நீரில் கழுவுவதே. மங்காத கரித்தூளை வண்ணமாகக் கொண்ட அச்சுமுறையை 1864-இல் ஜோசப் ஸ்வான் உருவாக்கியதும் இந்த அச்சத்தின் விளைவே.

இந்த உண்மையைத் தமிழ் மண்ணிலும் காணலாம். சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக 1856-இல் அமர்த்தப்பட்ட லின்னேயஸ் டிரைப் என்னும் படைத்துறை அதிகாரி, 1857 இறுதியில் தொடங்கித் திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் ஆகிய ஊர்களில் பயணம் செய்தார். மெழுகேற்றிய தாளை நெகட்டிவாகக் கொண்டு அவ்வூர்களின் கோயில்களையும் அரண்மனைகளையும் பதிவு செய்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டு வரிசையை 21 அச்சுகளாக எடுத்து ஒட்டிச் சேர்த்த அவருடைய படம் ஏறத்தாழ 19 அடி நீளமுடையது. 1859-இல் ஆளுநர் சார்லஸ் டிரெவெல்யன் இப்பணியை ஆடம்பரச் செலவெனக் கருதி நிறுத்தச் செய்தார். பணி நின்றாலும் படங்கள் நின்றன. இராசராசன் கல்லில் வெட்டுவித்ததை ஒளி தாளில் எழுதிற்று. அத்தாள்கள் இன்றளவும் காட்சி தருவதற்கு, கோடையின் வெப்பத்திலும் பொறுமையோடு நீர் மாற்றிக் கழுவிய கைகளும் காரணம் அல்லவா?

கண்ணாடியும் எலும்பும் பருத்தியும்

தாளின் நார்கள் உருவத்தின் நுட்பத்தைக் கெடுத்தன. எனவே 1851-இல் இங்கிலாந்தின் ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் கண்ணாடிக்கு மாறினார். வெடிப்பஞ்சை ஈதரிலும் சாராயத்திலும் கரைத்தால் கிடைக்கும் கொலோடியன் என்னும் பசையில் ஒளியுணர் உப்பை ஏற்றிக் கண்ணாடியில் பூசினார். படம் கண்ணாடிபோல் துல்லியமாயிற்று. ஆனால் பூச்சு ஈரமாக இருக்கும்போதே படமெடுத்துக் கழுவி முடிக்க வேண்டும். வெளியூர் செல்லும் படக்காரர் இருட்டுக் கூடாரத்தையும் மருந்துப் புட்டிகளையும் தண்ணீரையும் உடன் சுமந்து சென்றார். ஆர்ச்சர் தம் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை பெறாமல் உலகிற்கே வழங்கினார். 1857-இல் வறியவராக மாண்டார். அக்காலத்து அச்சுத்தாள் முட்டையின் வெண்கருவால் மெழுகப்பட்டது. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத் தொழிலகங்களில் இதற்கென நாள்தோறும் பல்லாயிரம் முட்டைகள் உடைக்கப்பட்டன.

ஈதரின் நெடி தம் உடல்நலத்தைக் கெடுக்கக் கண்ட ரிச்சர்டு மேடக்ஸ் என்னும் மருத்துவர், 1871-இல் கொலோடியனுக்கு மாற்றாக ஜெலட்டினைப் பரிந்துரைத்தார். விலங்குகளின் எலும்பும் தோலும் காய்ச்சிப் பெறப்படும் பசை அது. உலர்ந்த நிலையிலும் வேலை செய்தது. தட்டுகளை முன்னரே செய்து வைக்கலாம். எடுத்த படத்தை ஆறுதலாகப் பின்னர் கழுவலாம். படம் பதியும் நேரமும் நொடியின் சிறு பகுதியாகக் குறைந்தது. தலை அசையாதிருக்கக் கழுத்துக்குப் பின்னால் இரும்புக் கவை வைத்த காலம் மறைந்தது. மேடக்சும் தம் முறைக்குக் காப்புரிமை பெறவில்லை.

கனமான கண்ணாடிக்கு மாற்றாக வளையும் படச்சுருளைக் கண்டவர்களுள் ஒருவர் சமயப் பணியாளர் என்பது பலர் அறியாத செய்தி. அமெரிக்காவின் நியூவார்க் நகரில் எப்பிஸ்கோப்பல் சபைக் குருவாயிருந்த ஹானிபால் குட்வின், விவிலியக் காட்சிகளைப் படமாகக் காட்ட உடையாத பொருள் தேடி, பருத்தியிலிருந்து பெறும் செல்லுலாய்டில் படச்சுருள் செய்தார். 1887-இல் காப்புரிமை கோரி, 1898-இல்தான் பெற்றார், 1900-இல் மறைந்தார். இதற்கிடையே ஜார்ஜ் ஈஸ்ட்மன் 1888-இல் 'கோடக்' கேமராவையும், அடுத்த ஆண்டு செல்லுலாய்டுச் சுருளையும் விற்பனைக்குக் கொண்டுவந்தார். நீண்ட வழக்கிற்குப் பின் 1914-இல் குட்வினின் உரிமையை வாங்கியிருந்த நிறுவனத்திற்கு ஈஸ்ட்மனின் நிறுவனம் 50 இலட்சம் டாலர் கொடுக்க நேர்ந்தது.

கோடக் கேமராவின் விலை 25 டாலர். அதில் 100 படங்கள் எடுக்கலாம். எடுத்து முடித்தபின் பெட்டியோடு அனுப்பிவிட்டால் நிறுவனமே கழுவி அச்சிட்டுத் தரும். இங்கே ஒரு பெரிய மாற்றம் நிகழ்ந்தது. அதுவரை படம் எடுத்தவரே கழுவினார். இனி எடுப்பவர் வேறு, கழுவுபவர் வேறு. நிலைநிறுத்தும் பொறுப்பு முதன்முறையாக மனிதனின் கையைவிட்டு நிறுவனத்தின் கைக்குச் சென்றது. நம் நாட்டிலும் உதகமண்டலத்தில் 1960-இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் என்னும் அரசு நிறுவனம் படச்சுருளும் தாளும் ஊடுகதிர்ப் படச்சுருளும் செய்து வந்தது. இன்று அது மூடிக் கிடக்கிறது. செல்லுலாய்டின் முதல் வடிவம் எளிதில் தீப்பற்றுவது, தானாகவே சிதைவது. முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' 1931-இல் வெளிவந்தது. அதன் படி ஒன்றும் இன்று நமக்குக் கிடைக்கவில்லை.

நெகட்டிவ் காட்டிய முகம்

நெகட்டிவ் என்பது அச்சுக்கு முந்திய ஒரு படி என்றே பலர் எண்ணுகிறோம். அதன் மதிப்பை நம் திருச்சபை வரலாற்றின் ஒரு நிகழ்ச்சி உணர்த்துகிறது. 1898 மே மாதம் இத்தாலியின் தூரின் நகரில் பொதுக் காட்சிக்கு வைக்கப்பட்ட திருச்சவத்துணியை, செக்கோந்தோ பியா என்னும் வழக்கறிஞர் மின்விளக்கொளியில் பெரிய கண்ணாடித் தட்டுகளில் படமெடுத்தார். மே 28 இரவு இருட்டறையில் தட்டைக் கழுவியபோது, துணியில் மங்கலாகத் தெரிந்த உருவம் நெகட்டிவில் ஒளியும் நிழலும் இயல்பாய் அமைந்த முகமாகத் தோன்றக் கண்டு திகைத்தார். துணியிலுள்ள உருவமே நெகட்டிவின் இயல்பு கொண்டது என்பது அன்று தெரிந்தது. 1988-இல் நடந்த கதிர்க்கரிமச் சோதனை அத்துணியை 1260-க்கும் 1390-க்கும் இடைப்பட்ட காலத்தது எனக் காட்டிற்று. ஆய்வாளர் விவாதம் இன்னும் ஓயவில்லை. ஒளிப்படம் காட்டும், தீர்ப்புச் சொல்லாது என்பதை நாம் மனத்திற்கொள்வது நன்று. பிற்காலத்தில் திருத்தந்தை 13-ஆம் சிங்கராயராக விளங்கிய கர்தினால் பெச்சி, 1867-இலேயே ஒளிப்படக் கலையைப் பற்றி இலத்தீனில் கவிதை இயற்றியவர் என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது.

வெள்ளி போய்ச் சாயம் வந்தது

வண்ணத்தின் கதையும் இதே நூலில் கோத்ததுதான். சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று ஒளிகளைச் சேர்த்து எந்த வண்ணத்தையும் ஆக்கலாம் என்பதை 1861-இல் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் ஒரு நாடாவின் படத்தைக் கொண்டு மெய்ப்பித்தார். 1907-இல் லூமியேர் சகோதரர்கள் உருளைக்கிழங்கு மாவின் நுண்மணிகளுக்குச் சாயமேற்றிக் கண்ணாடியில் பரப்பி, வண்ணத் தட்டுகளை விற்பனைக்குக் கொண்டுவந்தனர். 1935-இல் 'கோடக்குரோம்' சுருள் வந்தது. அதனை உருவாக்கிய இருவரும் இசைவாணர்கள்.

வண்ணப்படத்தில் ஓர் ஆழ்ந்த மாற்றம் ஒளிந்திருக்கிறது. கழுவும்போது வெள்ளி முழுவதும் நீக்கப்படுகிறது. எஞ்சுவது மூன்று சாயங்களே. சாயங்கள் மூன்றும் ஒரே வேகத்தில் மங்குவதில்லை. நீலப்பச்சைச் சாயம் முந்தி மங்கினால் படம் முழுவதும் செம்மை படர்கிறது. வீடு மந்திரிக்கச் செல்லும்போது இவ்வுண்மையைச் சுவர்களில் நாம் கண்டிருக்கிறோம். தாத்தாவும் பாட்டியும் நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்திருக்கும் 1940-களின் கறுப்பு வெள்ளைப் படம் தெளிவாக இருக்கிறது. 1980-களில் எடுத்த மகளின் திருமணப் படமோ செங்காவியாக வெளிறிக் கிடக்கிறது. மூத்தவர்கள் நிலைத்தார்கள், இளையவர்கள் முந்தி மங்கினார்கள். அந்தப் பழைய படத்தைக் கழுவியவரின் பெயரை இன்று அந்த வீட்டில் எவரும் அறியார். ஆயினும் ஓடும் நீரில் அவசரப்படாமல் அதைக் கழுவியிருக்கிறார்.

எண்ணாகிய உருவம்

1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வில்லர்டு பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும், ஒளியை மின்னூட்டமாக மாற்றும் சில்லுக்கு அடிகோலினர். இதற்காக 2009-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். 1975-இல் கோடக் நிறுவனத்தின் பொறியாளர் ஸ்டீவன் சாசன் முதல் எண்முறைக் கேமராவைச் செய்தார். ஏறத்தாழ 3.6 கிலோ எடையுள்ள அக்கருவி 10,000 புள்ளிகளாலான கறுப்பு வெள்ளைப் படத்தை ஒலிநாடாவில் பதிக்க 23 நொடிகள் எடுத்துக்கொண்டது. எந்த நிறுவனத்தில் அது பிறந்ததோ, அந்நிறுவனமே 2012 சனவரியில் திவால் பாதுகாப்புக் கோரியது. கோடக்குரோம் சுருளின் உற்பத்தி 2009-இல் நின்றது.

எண்முறைப் படத்தில் வெள்ளியும் இல்லை, சாயமும் இல்லை, இருப்பவை எண்களே. கழுவ வேண்டியதில்லை, நிலைநிறுத்த வேண்டியதும் இல்லை. ஆனால் அவ்வெண்களைத் தாங்கும் பொருள் பழுதானால் படம் மங்குவதில்லை. ஒரேயடியாக இல்லாமற் போகிறது. பாதி அரித்த பழைய படத்தில்கூடத் தாயின் கண்களை அடையாளம் காணலாம். திறக்காத கோப்பில் எதைக் காண்பது? குறுந்தகட்டில் வைத்த திருமணப் படங்களைப் பார்க்க இன்று பல வீடுகளில் கருவி இல்லை.

இறப்பு நேர்ந்த வீடுகளில் இப்போது அடிக்கடி ஒன்றைக் காண்கிறோம். அடக்கத்திற்கு முந்திய இரவில் பிள்ளைகள் தந்தையின் படம் ஒன்றைத் தேடுகிறார்கள். அவருடைய கைப்பேசியில் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஆனால் அதைத் திறக்கும் எண் அவரோடு போய்விட்டது. கடைசியில் யாரோ ஒருவருடைய திருமணக் கூட்டப் படத்தில் ஓரத்தில் நின்ற அவருடைய முகத்தை வெட்டிப் பெரிதாக்குகிறார்கள். மாலை சூட்டப்படும் அம்முகம் மங்கலாக, சற்றே வேறு பக்கம் பார்த்தபடி இருக்கிறது.

இதனால் புதிய கருவியைப் பழிக்க வேண்டும் என்பது நம் கருத்தன்று. அது ஏழையின் முகத்தையும் பதிவு செய்யும் வாய்ப்பைத் தந்திருக்கிறது. அது சிறிய நன்மையன்று. பிடிக்கும் வேலையையும் நிலைநிறுத்தும் வேலையையும் மனிதன் ஒவ்வொன்றாகக் கருவியிடம் ஒப்படைத்துவிட்டான். காக்கும் வேலையை மட்டும் ஒப்படைக்க இயலவில்லை. அது மீண்டும் நம்மிடமே வந்திருக்கிறது.

ஆகவே சில எளிய செயல்களை முன்வைக்கிறோம். ஆண்டுக்கொருமுறை குடும்பத்தார் கூடியமர்ந்து, ஆயிரம் படங்களிலிருந்து பத்தைத் தேர்ந்து தாளில் அச்சிட்டு வைக்கலாம். மற்றவற்றை இரண்டு இடங்களிலேனும் படியெடுத்து வைக்கலாம். பழைய நெகட்டிவ்களைக் குப்பையென எறியாமல் ஈரம் படாத இடத்தில் காக்கலாம். ஒவ்வொரு படத்தின் பின்புறத்திலும் மென்மையான பென்சிலால் பெயரும் ஊரும் ஆண்டும் எழுதலாம். பங்கின் வெள்ளிவிழா மலர்களைப் புரட்டிப் பாருங்கள். கோயில் கட்டக் கல் சுமந்த மக்கள் வரிசையாக நிற்கிறார்கள். அவர்களின் பெயர்களைச் சொல்லக்கூடிய முதியவர் ஓரிருவரே இன்று நம்மிடையே இருக்கின்றனர். அவர்கள் இருக்கும்போதே அருகில் சென்றமர்ந்து, ஒவ்வொரு முகத்தையும் சுட்டிக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

ஒளி எல்லார்மீதும் விழுகிறது, எழுதியும் விடுகிறது. எழுதப்பட்டவர் இன்னார் என்பதை அடுத்த தலைமுறைக்குச் சொல்வது ஒளியின் வேலையன்று.